ஏறலாம், இறங்கலாம், இருக்க முடியாது: பெனஹீ குன்றின் கதை

இன்னைக்கு எபிசோடுல ஒரு மலை ஏறப் போறோம். பயப்படாதீங்க, ரொம்பச் சின்ன மலை. அதோட உச்சியே 528 மீட்டர்தான். காலைல ஷூ லேஸைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினா, மேல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு, வேற வழியா இறங்கி, சாயங்காலத்துக்குள்ள கிளம்பின இடத்துக்கே வந்துடலாம். ஸ்காட்லாந்தோட வடகிழக்குல, அபர்தீன் நகரத்துல இருந்து வடமேற்கே இருக்கு. குழந்தைங்க, நாய்க்குட்டி, தாத்தா பாட்டின்னு வாரக்கடைசியில் கூட்டம் கூட்டமா ஏறுவாங்க.

இந்த மலையில் யார் வேணும்னாலும் நடக்கலாம். அனுமதி கேட்க வேண்டாம், ஏறுறதுக்கு டிக்கெட் கிடையாது. அது சட்டப்படி உங்க உரிமை. ஆனா 19-ஆம் நூற்றாண்டில், இதே மலைச் சரிவில் வீடு கட்டி வாழ்ந்தவங்களுக்கு இங்க இருக்க உரிமை இல்லாமப் போச்சு. அதுவும் சட்டப்படிதான் நடந்தது. நடக்கிறவருக்கு உரிமை கொடுத்த சட்டமும், குடியிருந்தவரிடமிருந்து நிலத்தை எடுத்த சட்டமும் எப்படி ஒரே மலையில் சந்திச்சதுன்னு பார்க்கிறதுதான் இன்னைக்கு நம்ம வேலை.

முதல்ல, பெயர்

ஆங்கில எழுத்துகளை அப்படியே வாசிச்சா 'பென்னாச்சி'ன்னு வரும். உள்ளூர்க்காரங்க 'பெனஹீ'ன்னு சொல்வாங்க. அந்த 'ஹ' தொண்டைக்குள்ள இருந்து வரணும். மலை இருக்கிற வட்டாரத்தை 'கேரியாக்' மாதிரி எழுதிட்டு 'கீரி'ன்னு உச்சரிப்பாங்க. ஸ்பெல்லிங்கை நம்பி அந்த ஊர்ல வழி கேட்காதீங்க.

பெனஹீ ஒரே சிகரம் கிடையாது. நீளமான ஒரு மலைத்தொடர், அதுல வரிசையா பல முகடுகள். உயரமானது 528 மீட்டர் ஆக்ஸன் கிரேக். ஆனா எல்லாரும் ஏறுறது கிழக்குக் கோடியில இருக்கிற 518 மீட்டர் மிதர் டாப். 'மிதர்'னா அந்த வட்டார ஸ்காட்ஸ் மொழியில் அம்மா. தூரத்துல இருந்து பார்த்தா ஒரு மார்பு மாதிரி தெரியும், உச்சியில் கிரானைட் பாறை. கேலிக் மொழியிலும் 'மார்பு மலை'ங்கிறதுதான் இந்தப் பெயருக்குப் பொதுவா சொல்ற பொருள். சுத்தி இருக்கிற விவசாய நிலம் தட்டையா இருக்கிறதால, அந்த வட்டாரத்துல எங்க நின்னாலும் இந்த மலை கண்ணில் படும்.

நம்ம பாதை கிழக்குப் பக்கம் பெனஹீ விசிட்டர் சென்டர்ல தொடங்குது. காட்டு வழியா ஏறி மிதர் டாப் போறோம். அங்கிருந்து வேற தடத்தில் இறங்கி, காட்டுக்குள்ள இருக்கிற சில இடிபாடுகளைப் பார்த்துட்டுத் திரும்புறோம். இன்னைக்குக் கதை பெரும்பாலும் அந்த இடிபாடுகளைப் பத்தினதுதான். ஆனா வரிசையா போவோம்.

மேலே: எல்லாரும் சொல்ற கதை

மரங்கள் முடிஞ்சதும் ஹெதர் புதர் வெளி. ஆகஸ்ட் மாசம் போனா மலை முழுக்க ஊதா நிறம். உச்சியை நெருங்கும்போது சரிஞ்சு கிடக்கிற கல் குவியல்கள் வரும். நிதானமா பார்த்தீங்கன்னா அது ஒரு மதில். பாறை உச்சியைச் சுத்தி சில மீட்டர் தடிமன்ல, சுண்ணாம்புக் கலவையே இல்லாம அடுக்கினது. நீங்க உள்ள நுழையற இடைவெளிதான் அந்தக் கோட்டையோட பழைய வாசல். அபர்தீன் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் செய்த கார்பன் காலக்கணிப்புப்படி, கி.பி. 7, 8-ஆம் நூற்றாண்டுகளில், அதாவது பிக்ட் மக்கள் காலத்தில், இங்க ஆட்கள் இருந்திருக்காங்க. ஸ்காட்லாந்துங்கிற நாடு உருவாகறதுக்கு முன்னாடி, அதோட வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டவங்க இந்தப் பிக்டுகள்.

இன்னும் பழைய கதையும் உண்டு. கி.பி. 83 அல்லது 84-ல் ரோமானியப் படைக்கும் வடக்குப் பழங்குடிகளுக்கும் நடந்த மோன்ஸ் கிராபியஸ் போர் இந்த மலையடிவாரத்தில்தான் நடந்ததுன்னு ஒரு வாதம். பக்கத்துல டுர்னோங்கிற இடத்தில் 50 ஹெக்டேருக்கும் மேல பரவின ஒரு ரோமானிய முகாமோட தடயத்தை 1970-களில் விமானத்திலிருந்து கண்டுபிடிச்சாங்க. வாதத்துக்கு அதுதான் பலம். வேற மலைகளுக்கும் ஆதரவாளர்கள் இருக்காங்க, சண்டை இன்னும் முடியல.

அப்புறம் ஒரு நாட்டுப்புறக் கதை. மலையடிவாரத்தில் கன்னிக் கல்னு ஒண்ணு நிக்குது. சுமார் 3 மீட்டர் உயரமுள்ள இளஞ்சிவப்பு கிரானைட். ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் பிக்ட் விலங்குச் சின்னம், கண்ணாடி, சீப்பு. ஒரு பொண்ணு தன் கல்யாண நாளன்னைக்கு ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தாளாம். அங்க வந்த ஒரு அந்நியன், "நீ சுட்டு முடிக்கிறதுக்குள்ள நான் மலை உச்சிக்கு ரோடு போட்டுட்டா நீ எனக்கு"ன்னு பந்தயம் கட்டினான். விளையாட்டுன்னு நினைச்சு ஒத்துக்கிட்டா. வந்தவன் சாத்தான். ரோடு போட்டு முடிச்சுட்டான். அவ ஓடினா, அவன் தோளைப் பிடிச்சான், அவ கல்லானா. கல்லோட ஒரு பக்கம் உடைஞ்சிருக்கிறது அவன் பிடிச்ச இடம். அவன் போட்டதா சொல்ற பழைய கல்பாதை இன்னும் இருக்கு, பெயர் மெய்டன் காஸ்வே.

பிக்ட், ரோம், சாத்தான். பெனஹீ பத்தி யார் பேசினாலும் இந்த மூணும் வந்துடும். இப்ப கீழே இறங்குவோம்.

யாருடைய மலை?

இறங்குற வழியில் காட்டுக்குள்ள பாசி படிஞ்ச கல் சுவர்கள் தெரியும். முழங்கால் உயரம், சில இடத்தில் இடுப்பு உயரம். இது பிக்டுகள் கட்டினது கிடையாது, 200 வருஷத்துக்கு உட்பட்டது. இந்த இடத்துக்குப் பெயர் 'காலனி'.

காலனி எப்படி வந்ததுன்னு புரிய, முதல்ல 'காமன்டி'ங்கிற வார்த்தை தெரியணும். ஸ்காட்லாந்தில் பயிர் விளையாத மலைச்சரிவு, மேய்ச்சல் வெளி எல்லாம் காமன்டியா இருந்தது. கேட்டதும் நமக்குப் 'புறம்போக்கு'ன்னு தோணும். பயன்பாடு கிட்டத்தட்ட அதேதான்: சுத்து வட்டார மக்கள் ஆடு மாடு மேய்ப்பாங்க, கூரை வேய ஹெதர் அறுப்பாங்க, கல் எடுப்பாங்க, அடுப்புக்குப் பீட் வெட்டுவாங்க. பீட்ங்கிறது சதுப்பு நிலத்தில் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைக்கிற, எரியக்கூடிய மண். ஆனா ஒரு பெரிய வித்தியாசம். காமன்டி அரசாங்க நிலம் இல்ல. பக்கத்து எஸ்டேட் முதலாளிகள் எல்லாருக்கும் சேர்த்துச் சொந்தம். மத்தவங்களுக்கு இருந்தது பயன்படுத்துற உரிமை அல்லது வழக்கம் மட்டும்.

என்னை மாதிரி ஆபீஸ்ல லினக்ஸ் சர்வரோட குடும்பம் நடத்துறவங்களுக்கு இது சட்டுனு பிடிபடும். ஒரு ஃபைலுக்கு மூணு வகை ஆளுங்க: ஓனர், குரூப், அதர்ஸ். யார் படிக்கலாம், யார் எழுதலாம்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி அனுமதி. இங்க ஓனர்னா நிலப்பிரபுக்கள். குரூப்னா அவங்க எஸ்டேட்ல குத்தகை விவசாயம் செய்றவங்க. அதர்ஸ்னா மீதி எல்லாரும். நூற்றாண்டுக் கணக்கா மலை ஓடினது எழுதின விதியில் மட்டும் இல்ல, வழக்கத்திலும்தான். 'அதர்ஸ்' வந்து ஒரு சுமை ஹெதர் அறுத்தா யாரும் லாக் பார்க்கல.

காலனி

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'மேம்பாடு' என்ற பெயரில் ஸ்காட்லாந்து விவசாயம் தலைகீழாக மாறியது. சின்னச் சின்னக் குத்தகை நிலங்களை ஒன்றாக்கிப் பெரிய பண்ணைகள் ஆக்கினார்கள். விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் பண்ணை ஓரத்தில் ஒரு குடிசையும் கொஞ்சம் தோட்டமும் வைத்துக் கூலி வேலை செய்து பிழைத்த 'காட்டர்'களுக்கு இடமில்லாமல் போனது. ஸ்காட்லாந்தில் குடியானவர்களை வெளியேற்றின கதைன்னா எல்லாரும் ஹைலேண்ட்ஸைத்தான் சொல்வாங்க. தாழ்நிலத்திலும் அது நடந்தது. கொஞ்சம் கொஞ்சமா, பெரிய சத்தமில்லாம.

அப்படி இடமிழந்தவர்களில் சிலர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனஹீ சரிவுக்கு வந்தார்கள். காமன்டி நிலத்தில் கல்லைப் பொறுக்கிச் சுவர் வைத்து, வீடு கட்டி, தோட்டம் போட்டார்கள். ஆண்கள் கல் உடைத்தார்கள், அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு மதில் கட்டினார்கள், அறுவடைக்குப் போனார்கள். 1850 வாக்கில் காலனி உச்சத்தில் இருந்தபோது ஐம்பது சொச்சம் பேர். நம்ம ஊர் அபார்ட்மென்ட் ஒண்ணுல ரெண்டு மாடி ஜனத்தொகை, அவ்வளவுதான்.

அவங்களைப் பத்தி வெளியே ரெண்டு விதமா பேச்சு. ஒண்ணு, சட்டத்துக்கு அடங்காத திருட்டுக் கூட்டம். இன்னொண்ணு, யாருக்கும் தலைவணங்காத சுதந்திர மலைவாசிகள். ரெண்டுமே வெளியே இருந்து எழுதினவங்க பார்வை. பல வருஷம் கழிச்சு அபர்தீன் பல்கலைக்கழகமும் உள்ளூர்த் தன்னார்வலர்களும் சேர்ந்து அங்க அகழாய்வு செஞ்சாங்க. கிடைச்சது உடைஞ்ச பீங்கான் துண்டுகள், வடிகால் அமைப்புகள், உரம் போட்டுப் பண்படுத்தின தோட்ட மண். அதாவது கடையில் தட்டு, கோப்பை வாங்கி, வீட்டுக்குள்ள தண்ணி நிக்காமப் பார்த்துக்கிட்டு, கல்லு மண்ணைக் காய்கறி விளையற மண்ணா மாத்தின சாதாரணக் குடும்பங்கள்.

ஒரு விஷயத்தை நேர்மையாச் சொல்லணும். பொதுநிலத்தைச் சுத்தி மதில் கட்டி 'இது என் தோட்டம்'னு சொன்னதும் இவங்கதான். பக்கத்துக் குத்தகைக்காரர் கண்ணில் இது ஆக்கிரமிப்பு. அவருடைய ஆடு மேய்ஞ்ச இடம் குறையுது இல்லையா? ஏழைகள் எல்லாம் ஒரு பக்கம், பணக்காரங்க இன்னொரு பக்கம்னு இந்தக் கதையை நேர்க்கோடு போட முடியாது.

1859

இப்ப சட்டம் வருது. 1695-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் காமன்டி பிரிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதற்கு முன்னால் கூட்டுநிலத்தைப் பிரிக்க எல்லாருடைய சம்மதமும் வேண்டும். சட்டம் வந்த பிறகு, பங்குள்ள ஒரே ஒருவர் எடின்பரோவில் உள்ள கோர்ட் ஆஃப் செஷனுக்குப் போய் வழக்குப் போட்டால் போதும். பங்கு எப்படி? ஒவ்வொருவரின் சொத்து மதிப்புக்குத் தக்கபடி. ஏற்கெனவே நிறைய நிலம் உள்ளவருக்கு நிறைய மலை.

சட்டம் வந்து 164 வருஷம் கழிச்சு, 1859-ல், பெனஹீ பிரிக்கப்பட்டது. சுத்தி இருந்த எஸ்டேட்காரர்கள் மலையைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. காலனி இருந்த பகுதி லெஸ்லி குடும்பத்தின் எஸ்டேட்டுக்குப் போச்சு.

இதுல யாரும் கள்ளப் பத்திரம் போடல. அடியாள் வரல. நீதிமன்றம், அளவை, வரைபடம், தீர்ப்பு எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனா அந்த வழக்கில் கட்சிக்காரரா நிக்க நிலப் பத்திரம் வேணும். காலனி மக்கள்கிட்ட இருந்தது வீடு, சுவர், அம்பது வருஷ உழைப்பு. பத்திரம் இல்ல. அவங்க உள்ள இருக்கும்போதே, அவங்களைக் கேட்காம, ஃபைலோட அனுமதி மாறிடுச்சு.

மறுநாளே யாரையும் துரத்தல. முதல்ல வாடகைக்காரங்க ஆக்கினாங்க. தாங்களே கட்டின வீட்டுக்கு, தாங்களே பண்படுத்தின மண்ணுக்கு வாடகை. கட்ட முடியாதவங்க பாக்கி வச்சாங்க. சிலர் தானா கிளம்பினாங்க. 1870-களின் பிற்பகுதியில் பல குடும்பங்களை வெளியேற்றினாங்க.

அப்ப சட்டப் பாதுகாப்பே கிடையாதான்னு கேட்பீங்க. 1886-ல் வந்தது, குரோஃப்டர் சட்டம். சிறு குத்தகைக்காரரை இஷ்டத்துக்கு வெளியேத்தக் கூடாது, வாடகையை நியாயமா நிர்ணயிக்கணும்னு சொன்ன சட்டம். ஆனா அது மேற்கு, வடக்கு ஹைலேண்ட் மாவட்டங்களுக்கும் தீவுகளுக்கும் மட்டும். அபர்தீன் மாவட்டம் பட்டியலில் இல்ல. இந்த மாதிரிப் பாதுகாப்பு ஸ்காட்லாந்து முழுக்க வர 1911 ஆச்சு. அதுக்குள்ள காலனி பெரும்பாலும் காலி.

கடைசியா அங்க தங்கினவர் ஜார்ஜ் எஸன், கல்வேலை செய்தவர். 1939-ல் இறந்தார். அவரோட காலனியும் முடிஞ்சது. அப்புறம் அந்தச் சரிவு காடாச்சு. இன்னைக்கு அரசு வனத்துறை பார்த்துக்குது. பாசி படிஞ்ச சுவருக்கு நடுவுல நெட்டையா நிக்கிற மரங்களுக்குக் கீழ இருக்கிறது அவங்க தோட்ட மண்.

நடக்கும் உரிமை எப்படி வந்தது?

காலனி தேய்ந்துகொண்டிருந்த அதே வருடங்களில் வேறொரு சண்டை நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் மான் வேட்டைக்காக மலைகளை வளைத்துப் போட்டு, யாரும் நுழையக் கூடாது என்றார்கள். 1884-இல் மலையேற்றப் பிரியரான ஜேம்ஸ் பிரைஸ் என்ற எம்.பி., மலைகளில் நடக்க மக்களுக்கு உரிமை தரும் மசோதா கொண்டுவந்தார். மறுவருடம் தெற்கு அபர்தீன் தொகுதிக்கே எம்.பி. ஆனார். மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தும் நிறைவேறவில்லை.

பெனஹீக்குத் தென்மேற்கே கிளென் டால் பள்ளத்தாக்கில் சண்டை கோர்ட்டுக்கே போனது. எஸ்டேட் உரிமையாளர் டங்கன் மக்பெர்சன் பழைய வழித்தடத்தை அடைத்தார். பாதை உரிமைச் சங்கம் வழக்குப் போட்டது. அந்த வழியா ஆடு ஓட்டிப் போன மேய்ப்பர்கள் கோர்ட்ல வந்து சாட்சி சொன்னாங்க: "நாங்க காலங்காலமா இப்படித்தான் போறோம்." 1888-ல் பிரபுக்கள் சபை வரைக்கும் போய்ச் சங்கம் ஜெயிச்சது. செலவுல ரெண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஓட்டாண்டி.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க. 'காலங்காலமா இந்த வழியா நடந்தோம்'ங்கிற சாட்சி கோர்ட்ல செல்லுபடியாச்சு. 'காலங்காலமா இங்க இருந்தோம்'ங்கிறது பெனஹீயில் செல்லுபடியாகல. போறவருக்கு வழக்கம் உரிமை ஆச்சு, இருந்தவருக்கு ஆகல.

கடைசியா 2003-ல் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம். 2005 பிப்ரவரியில் அதோட நடக்கும் உரிமைப் பகுதி நடைமுறைக்கு வந்தது. தனியார் நிலமா இருந்தாலும், பொறுப்பா நடந்துக்கிற வரைக்கும் யாரும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், டென்ட் போட்டுத் தங்கலாம். வீட்டுத் தோட்டம், பயிர் இருக்கிற வயல் மாதிரி சில இடங்கள் விலக்கு. ஐரோப்பாவிலேயே தாராளமான நடை உரிமைகளில் ஒண்ணு. உண்மையிலேயே பெரிய சாதனை, அதைக் குறைச்சுச் சொல்லல.

ஆனா டென்ட் விதியைக் கவனிங்க. அதோட நடத்தை விதிமுறை என்ன சொல்லுதுன்னா, ஒரு இடத்தில் ரெண்டு மூணு ராத்திரி, சின்னக் குழுவா, தடயம் இல்லாமக் கிளம்பணும். மலைக்கு அது நல்லதுதான். காலனி மக்கள் செஞ்சது நேரெதிர்: வந்தாங்க, தங்கினாங்க, தடயம் வச்சாங்க. நம்ம லினக்ஸ் கணக்குல, 'அதர்ஸ்' எல்லாருக்கும் இப்ப ரீட் பெர்மிஷன் கிடைச்சிருக்கு. ரைட் பெர்மிஷன் 1859-ல் போனது போனதுதான்.

சட்டத்தின் அடுத்த பக்கம்

இதை வெறும் சோகக் கதையா முடிக்க வேண்டாம். அதே 2003 சட்டத்துக்கு இரண்டாம் பகுதி இருக்கு. மலையேறுறவங்க அதிகம் பேசாத பகுதி. ஒரு கிராமச் சமூகம் தன் பகுதி நிலத்தின்மேல் ஆர்வத்தை முன்கூட்டியே பதிவு செஞ்சா, உரிமையாளர் விற்க வரும்போது வாங்குற முதல் வாய்ப்பு அந்தச் சமூகத்துக்கு. 2015-ல் வந்த இன்னொரு சட்டம் இதை நகரங்களுக்கும் விரிவாக்கிச்சு. விலை கொடுக்கணும், பேப்பர் வேலை ஏராளம். ஆனாலும் 1695-ல் 'பங்கு உள்ளவர் மட்டும் பேசலாம்'னு சொன்ன நாட்டில், 'அங்க வாழ்றவங்களும் பேசலாம்'னு சட்டப் புத்தகத்தில் ஏறிடுச்சு. ஸ்காட்லாந்தில் நிலம் யார் கையில் இருக்கணும்ங்கிற விவாதம் இன்னும் சூடாப் போய்க்கிட்டிருக்கு.

பெனஹீயிலும் ஒண்ணு நடந்தது. 1973-ல் உள்ளூர் மக்கள் 'பெய்லீஸ் ஆஃப் பெனஹீ'ன்னு ஒரு தன்னார்வச் சங்கம் தொடங்கினாங்க. பாதையைச் சரி பண்றது, குப்பை எடுக்கிறது, வரலாற்றைச் சேகரிக்கிறது எல்லாம் அவங்க வேலை. யார் வேணும்னாலும் சேரலாம். காலனியைத் தோண்டிப் பார்த்த அகழாய்வில் பல்கலைக்கழகத்தோட கைகோத்ததும் இவங்கதான். அதனாலதான் இன்னைக்கு விசிட்டர் சென்டர்ல இருந்து காலனிக்குன்னே ஒரு நடைபாதை இருக்கு.

சரி, எப்பவாவது அபர்தீன் பக்கம் படிக்கவோ, வேலைக்கோ, சுத்திப் பார்க்கவோ போனீங்கன்னா, மிதர் டாப் ஏறுங்க. பக்கத்து ரயில் நிலையம் இன்வெரூரி. காத்து பலமா அடிக்கும், ஜாக்கெட் மறக்காதீங்க. உச்சியில் செல்ஃபி எடுத்துட்டு அப்படியே ஓடி இறங்காம, காலனி வழியா திரும்புங்க. கூடுதலா அரை மணி நேரம் ஆகலாம். அந்த முழங்கால் உயரச் சுவர்கள்ல வாசல் எந்தப் பக்கம் இருந்திருக்கும்னு தேடிப் பாருங்க. கண்டுபிடிச்சா ஒரு போட்டோ அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.